இமையின்மேல் ஒரு காவல்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு. இஷாத் தொழுகை முடிந்து, பள்ளிவாசலின் வாயிற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். நம் தமக்கையாரின் மகன் குடையுமின்றி நனைந்தவாறு வந்து நின்றான். மணலியிலுள்ள சரக்குப்பெட்டக யார்டுகளுக்கும் சென்னைத் துறைமுகத்திற்கும் இடையே டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். வயது 38. அந்த வேளையில் அவன் திருவொற்றியூரில் நிற்பதே அபூர்வம். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தாள்களை எடுத்து நீட்டி, "மாமா, இதுல கையெழுத்துப் போடலாமா, கூடாதா? நீங்க கிதாபு ஓதுனவங்க, பாத்துச் சொல்லுங்க" என்றான்.

நான்கு பக்கங்கள், அத்தனையும் ஆங்கிலம். அரபியும் தமிழும் நமக்கு எவ்வளவு அணுக்கமோ, அவ்வளவு தொலைவு ஆங்கிலம். வீட்டிற்கு அழைத்துச் சென்று, கல்லூரியில் பயிலும் நம் இளைய மகளைப் படித்துச் சொல்லச் செய்தோம். ஓட்டுநரின் முகத்திற்கு நேரே ஒரு கேமரா பொருத்தப்படும். மணிக்கட்டில் ஒரு பட்டை அணிய வேண்டும். இருக்கையின் அடியில் ஒரு கருவி, ஓட்டுநர் அறையின் வெப்பத்தை அளக்க இன்னொன்று. கண், முகம், நாடித்துடிப்பு, உறங்கிய நேரம் ஆகிய யாவும் அவ்வப்போது அலுவலகத்திற்குச் சென்று சேரும். அவற்றை நிறுவனமும் அதன் தோழமை நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள ஓட்டுநர் மனமொப்பி இசைகிறார். இதுவே சாரம்.

"மனமொப்பி" என்ற இடத்தில் மருமகன் சிரித்துவிட்டான். "கையெழுத்துப் போடலேன்னா திங்கக்கிழமை வண்டிச் சாவி தர மாட்டாங்க. அதுக்குப் பேருதான் அது."

இவ்வகைக் கருவிகள் உலகிற்குப் புதியன அல்ல என்பதைப் பின்னர் அறிந்தோம். நம்மிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர் இன்று மின்னணுத் துறையில் இருக்கிறார். அவர் பொறுமையாக விளக்கினார். கேமராவின் அருகே, மனிதக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை உமிழும் சிறு விளக்கொன்று இருக்கும். ஆகவே நள்ளிரவிலும் அதற்கு இமை தெரியும். ஒரு நிமிட நேரத்தில், கண்மணியை இமை 80 விழுக்காட்டிற்கு மேல் மூடியிருந்த நேரம் எவ்வளவு என்று அது கணக்கிடுகிறது. 1990களில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட இந்த அளவுகோலுக்குப் பெர்க்ளோஸ் என்று பெயர். முகத்தைப் பாராமல் கையைப் பார்க்கும் முறையும் உண்டு. உறக்கம் வந்த கை, ஸ்டியரிங்கைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு திடுக்கிட்டு வெட்டித் திருப்புமாம். மெர்சிடிஸ் கார்களில் 2009இல் வந்த எச்சரிக்கை இவ்வடிப்படையிலானது. மணிக்கட்டுப் பட்டையிலோ பச்சை ஒளி. குருதி பச்சை ஒளியை உண்ணும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலுக்கடியில் குருதி மிகுந்து, திரும்பிவரும் ஒளி குறைகிறது. அந்தக் குறைவை எண்ணினால் நாடி.

2011இல் ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஃபோர்டு நிறுவனம் 6 உணர்கருவிகள் பதித்த இருக்கை ஒன்றைச் செய்து காட்டியதாம். சட்டைக்கு மேலிருந்தே முதுகின் வழியாக இதயத்தின் மின்னசைவைப் படிக்கும் இருக்கை! ஆனால் 2015இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மனிதர்கள் மணிக்கட்டிலேயே கருவியைக் கட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்ட பிறகு இருக்கைக்கு என்ன வேலை?

இவற்றையெல்லாம் கேட்டபோது நம் நினைவு வேலூரில் ஓதிய நாட்களுக்குச் சென்றது. ஸுபுஹுக்குப் பின் நடக்கும் பாடத்தில் கண் சொக்காத மாணவன் அந்நாளில் எவனும் இல்லை; நாமும் விலக்கல்லோம். நைசாபூரைச் சேர்ந்த ஸஆலிபீ என்னும் பேரறிஞர் (961-1038) 'ஃபிக்ஹுல் லுகா' என்ற தமது நூலில் உறக்கத்தின் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். நம் ஹழ்ரத் அவர்கள், தூங்கி வழிபவனைப் பிடித்து எழுப்பி, 'நீ இப்போது எந்தப் படியில் இருக்கிறாய்?' என்று அந்த வரிசையிலேயே கேட்பார்கள். உறங்க வேண்டுமென்ற தேவை எழுவது நுஆஸ். அது கனத்துப்போவது வஸன். கண்ணோடு கலப்பது தர்னீக். உறங்கியவனுக்கும் விழித்தவனுக்கும் இடையில் நிற்பது கரா. பிறர் பேச்சு செவியில் விழுந்துகொண்டே உறங்குவது தக்ஃபீக். மெல்லுறக்கம் இக்ஃபா. இப்படியே இறங்கிச் சென்று தஸ்பீக் என்னும் பேருறக்கத்தில் முடியும். ஆயத்துல் குர்ஸீயை மனனம் செய்த சிறுவனும் அறிவான், அதில் உறக்கத்திற்கு இரு சொற்கள் உண்டென்று. ஸினத் வேறு, நவ்ம் வேறு.

ஃபிக்ஹுக் கலையினர்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது, ஒளு முறிந்ததா இல்லையா என்று தீர்ப்பதற்காக. பக்கத்திலிருப்போரின் பேச்சு ஓசையாகக் கேட்டும் பொருள் விளங்காதிருந்தால் அது வெறும் தூக்கக் கலக்கம். கனவு கண்டால் அது உறக்கம். ஷாஃபிஈ மத்ஹபில், இருக்கை தரையில் நன்கு அழுந்த அமர்ந்தவாறே உறங்கியவனுக்கு ஒளு முறிவதில்லை. இதனை மருமகனிடம் சொன்னோம். அவன் உடனே, "அப்ப எங்களுக்கு ஒளு நிக்கும் மாமா, வண்டிதான் நிக்காது" என்றான்.

நகைச்சுவை ஒருபுறமிருக்க, கணக்கு அச்சமூட்டுவது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, 3 நொடியில் 50 மீட்டர் கடந்துவிடும். அவன் இழுத்துச் செல்லும் 40 அடிப் பெட்டகங்கள் நான்கை வரிசையாக வைத்த நீளம் அது. அத்தனை தூரமும் ஓட்டுபவர் இல்லாத வண்டி. ஸஆலிபீயின் வரிசையில் இது எந்தப் படியென்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. நூல்களில் உறங்கியவர்கள் ஒட்டகத்தின் மீதிருந்தார்கள், ஒட்டகம் விழித்திருந்தது.

ஆயினும் அன்றிரவு நாம் அவனுக்கு முதலில் கூறிய மறுமொழி, கையெழுத்திடாதே என்பதே. நாம் முஃப்தி அல்லோம். ஓதிக் கொடுக்கும் ஆசிரியர். எனினும் நாம் ஓதியவை ஒரே குரலில் பேசின. பிறர் மறைவைத் துருவித் துருவி ஆராய்வது, தஜஸ்ஸுஸ், விலக்கப்பட்டது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவில் நகர்வலம் வருகையில் ஒரு வீட்டிலிருந்து பாட்டொலி கேட்டுச் சுவரேறிக் குதித்து, அங்கு மது அருந்திக்கொண்டிருந்தவனைக் கண்டித்த வரலாற்றை விரித்துரைத்தோம். அம்மனிதன் அஞ்சவில்லை. நான் ஒரு குற்றம் செய்தேன், அமீருல் மூமினீன் அவர்களே, தாங்களோ மூன்று செய்துவிட்டீர்கள்; துருவி ஆராய்ந்தீர்கள், வாயில் வழியே வராமல் சுவரேறி வந்தீர்கள், ஸலாம் உரைக்காமல் நுழைந்தீர்கள் என்ற பொருளில் அவன் வாதிட, கலீஃபா அவர்கள் அவனை விட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்று கிதாபுகளில் வரும். "உன் முதலாளி உன் கண்ணிமையின் மீதே சுவரேறிக் குதிக்கிறார் வாப்பா" என்று கூறி முடித்தபோது, நமக்கே நம் சொல் மிக நயமாக இருந்தது. மகளும் வியந்து பார்த்தாள்.

மருமகன் ஒன்றும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்தபின் சொன்னான். அவனுடைய வண்டியில் இரண்டு மாதமாகவே சோதனைக்கென்று கேமராவும் இருக்கைக் கருவியும் பொருத்தியிருக்கிறார்களாம். பட்டைதான் புதிது. ஒருநாள் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து இறங்கி, எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருக்கையில் விடியற்காலை 4 மணி. கண்விழித்து 19 மணி நேரம் ஆகியிருந்தது. எர்ணாவூர் தாண்டியது நினைவிருக்கிறதாம். அடுத்த நினைவு, இருக்கை அதிர்ந்து காதருகே மணி அலறியது. கண் திறந்தால், முன்னே ஒரு ஷேர் ஆட்டோ. காசிமேட்டுக்கு ஏலத்தில் மீன் எடுக்கச் செல்லும் பெண்கள், கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்புறம் பார்த்து அமர்ந்திருந்தார்கள். லாரியின் விளக்கொளியில் அவர்களுடைய முகங்களை அவன் கண்டான். பிரேக்கை மிதித்து வண்டி நின்றபோது ஆட்டோ போய்விட்டிருந்தது. அவர்களில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. இதை அவன் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம்.

"வேவு பாக்குதுன்னு சொல்றீங்க மாமா. பாத்துச்சுதான். பாக்காம இருந்திருந்தா?"

நமக்கு நாணமாக இருந்தது. சுவரேறிக் குதித்த கதையை அத்தனை நயமாகச் சொன்ன வாய் அடைத்துப்போயிற்று. அச்சுவருக்குள் தனித்திருந்த குடிகாரனால் பிறருக்குத் தீங்கில்லை. நம் மருமகனோ, பல டன் எடையை மீன்காரப் பெண்களின் பின்னால் செலுத்திக்கொண்டிருந்தான். இரண்டையும் ஒன்றாக்கியது நம் பிழை. அதனை இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டிய வரலாறு வேறு. கைபரிலிருந்து திரும்பும் வழியில் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் களைப்பு மிகுந்து ஓரிடத்தில் தங்கினார்கள். ஸுபுஹுக்கு எழுப்பும் காவலைப் பிலால் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள். இயன்றவரை தொழுதார்கள், விடியலை நோக்கியவாறே தம் ஒட்டகத்தின் மீது சாய்ந்தார்கள், அவர்களையும் கண் வென்றுவிட்டது. வெயிலின் சூடு பட்டே எல்லோரும் விழித்தார்கள். தங்களை ஆட்கொண்டதே என்னையும் ஆட்கொண்டது என்று பிலால் (ரலி) விடை சொன்னார்கள். அவர்கள் மீது அபராதம் ஏதும் விதிக்கப்படவில்லை. அவ்விடத்தை விட்டு நகர்ந்து சென்று, பாங்கு சொல்லித் தொழுகை நடந்தது. பிலாலின் கண்ணையே வென்ற ஒன்றைத் தன் மனவுறுதியால் வெல்வதாக எந்த ஓட்டுநர் சொன்னாலும் நம்பலாகாது.

ஆனால் அபராதம் இங்கே விதிக்கப்பட்டது. மறுநாட் காலை மருமகனின் பேட்டாவில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த 4 மணி எச்சரிக்கை அலுவலகத்திற்கும் போயிருந்தது. அவன் கண் மூடிய நொடிகள் தாளில் அச்சாகி இருந்தன. அவன் கண் திறந்திருந்த 19 மணி நேரம் அதில் இல்லை. எவரும் கேட்கவுமில்லை.

அந்த 19 மணி நேரம் எங்ஙனம் கழிகிறது என்பது திருவொற்றியூர்வாசிகளுக்குத் தெரியும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி ஊர்ந்து நிற்கும் டிரெய்லர்களின் வரிசையை ஆண்டுக்கணக்கில் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஜனாஸாவைச் சுமந்து செல்லும்போதுகூட, லாரிகளுக்கிடையே சந்து தேடிக் கடந்திருக்கிறோம். வெளியிலிருந்து காண்பவருக்கு, நிற்கும் வண்டியில் ஓட்டுநர் ஓய்வெடுப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவன் உறங்க முடியாது. முன்வண்டி பத்தடி நகர்ந்தால் இவனும் நகர வேண்டும். நகராவிட்டால் இடம் பறிபோகும், பின்னாலிருப்பவன் ஹாரனை அழுத்துவான். பத்தடிக்கு ஒருமுறை எழுப்பப்படும் உறக்கத்திற்கு ஸஆலிபீயிடம் பெயரில்லை. வண்டியிலுள்ள கருவியோ, சக்கரம் சுழலாத அந்நேரத்தை ஓய்வு என்றே கணக்கிடுகிறது. கூலி நடைக்கு இவ்வளவு என்பது. வரிசையில் நின்ற இரவுக்குக் காசில்லை. இழந்த நடையை ஈடுசெய்ய அடுத்த நடையை உறங்காமல் அடிக்கிறார்கள்.

1997இல் ஆஸ்திரேலியாவில் இரு ஆய்வாளர்கள் கண்டறிந்த ஒரு கணக்கு உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி குருதியில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் திறனுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லையோ 30 மில்லிகிராம். அதாவது, மதுவைத் தொட்டும் பாராத நம் மருமகன் அன்று சட்டம் வெறுக்கும் குடிகாரனைவிடக் கீழான நிலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். வழியில் நிறுத்திய காவலர் வாயை ஊதச் சொல்லியிருந்தால் மனநிறைவோடு அனுப்பியிருப்பார்.

சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலை நேரத்திற்கு வரம்பு கட்டியிருந்தது. அது இப்போது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் அடங்கிவிட்டது. அறுபது ஆண்டுக்கும் மேலாக ஏட்டில் இருந்த அந்த 8 மணியை மருமகனிடம் சொன்னபோது, அவன் அது யாரோ அயல்நாட்டு ஓட்டுநரைப் பற்றிய செய்தி என்று எண்ணிக்கொண்டான்.

அயல்நாட்டுச் செய்தியும் சொல்லத்தக்கதே. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் கருவி 2022 ஜூலை முதல் புதிய மாதிரி வண்டிகளுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாக விற்கப்படும் எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமாயிற்று. ஆனால் அங்கு அதற்கு நெடுங்காலம் முன்பே, லாரிகளில் டாக்கோகிராஃப் என்னும் கணக்குக் கருவி வந்துவிட்டது. நாளொன்றுக்கு 9 மணிநேரம் ஓட்டலாம், வாரத்தில் இரு நாள் மட்டும் 10. நாலரை மணி ஓட்டியதும் 45 நிமிட இடைவேளை. அக்கருவியில் ஓட்டுவது, பிற வேலை செய்வது, காத்திருப்பது, ஓய்வெடுப்பது என நான்கு நிலைகள் தனித்தனியே பதிவாகின்றன. காத்திருப்பு அங்கே ஓய்வன்று! வரம்பு மீறினால் முதலாளியும் விடை சொல்லக் கடமைப்பட்டவர். ஓட்டிய தூரத்தைக் கொண்டு கூலி பேசி, அதனால் சாலைக்கு இடையூறு நேருமாயின் அதுவும் குற்றம். முதலில் முதலாளியின் மணிக்கணக்கைப் பார்த்தார்கள்; பிறகே தொழிலாளியின் கண்ணைப் பார்த்தார்கள். நமது சாலையில் வரிசை தலைகீழாக அமைந்துவிட்டது. நமது ஒன்றிய அரசும் பெரிய பயணி வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் இத்தகைய எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் வரைவை 2025 மார்ச்சில் வெளியிட்டது. நல்லதே, மீன்காரப் பெண்களின் முகங்களை எண்ணினால், வேண்டாமென்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.

நாகபுரியில் 2021இல் தொடங்கிய ஒரு திட்டம் நம் மனத்துக்கு உகந்ததாக இருந்தது. நகரப் பேருந்துகளில் கருவிகளைப் பொருத்தி, எந்தெந்த இடங்களில் அடிக்கடி எச்சரிக்கை எழுகிறது என்று திரட்டி, அவ்விடத்துச் சாலையைத் திருத்த முற்பட்டார்கள். எச்சரிக்கை மணி ஓட்டுநரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், சாலையையும் விசாரித்தது. எண்ணூர் விரைவுச் சாலையை அப்படி விசாரித்தால் அது வாய் திறந்து என்னென்ன சொல்லும்!

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். 1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கிப் பின்னர் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய தொழிற்சாலை நம் எண்ணூரில்தான் இருக்கிறது. அங்கிருந்து வெறும் சட்டகமாக வெளிவரும் லாரிகளை, முகத்திலும் கண்ணிலும் துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டிச் செல்வோரைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறோம். கோடையில் இன்ஜின் சூடும் வெயிலும் சேர்ந்து ஓட்டுநர் அறை உலைக்களமாகும். அச்சூடு உறக்கத்திற்கு உற்ற தோழன். 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அரசு ஆணையிட்டது. பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. மருமகனின் வண்டி பழையது. கேமரா பழைய வண்டியைத் தேடி வந்துவிட்டது, குளிர்ச்சி வரவில்லை. வெப்பத்தை அளந்து அலுவலகத்திற்கு அனுப்பும் கருவி உண்டு, தணிக்கும் கருவி இல்லை. அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்த ஒட்டகத்தின் வரலாறு நம் குழந்தைகளும் அறிந்ததே. பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிட்டதை அறிந்தபின், நாயகம் (ஸல்) அவர்கள் ஒட்டகத்தை விசாரிக்கவில்லை. உடையவரை அழைத்து விசாரித்தார்கள்.

இனி, கையெழுத்து. வழக்கறிஞராக இருக்கும் அண்டை வீட்டு அன்பரிடம் தாளைக் காட்டினோம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, இத்தகைய இசைவைக் கேட்கும்போது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமாயினும் படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டுமாம். ஆகவே தமிழில் கேட்கலாம் என்றார். மகிழ்ந்தோம். உடனே அவரே, வேலை தொடர்பான காரியங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் இசைவின்றியே தரவைப் பயன்படுத்த அதே சட்டத்தில் ஒரு பிரிவு இடம் தருகிறது என்றும் சொன்னார். அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முழுமையும் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் வேறு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் வித்தையைச் சட்டம் இயற்றுவோர் எந்த மதரஸாவில் ஓதினார்களோ!

மருமகன் கையெழுத்திட்டான். உடன் நாம் தமிழில் எழுதிய கடிதம் ஒன்றையும் இணைத்தான். எச்சரிக்கை பதியும் தாளில், அவ்வேளை ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகப் பணியிலிருக்கிறார், எத்தனை மணி வாயில் வரிசையில் நின்றார் என்பதும் பதிய வேண்டும். எச்சரிக்கைக்காகப் பேட்டாவைப் பிடிக்கக் கூடாது. நாடி, உறக்கம் பற்றிய விவரங்களை மருத்துவர் தவிர வேறெவருக்கும் கொடுக்கக் கூடாது. இம்மூன்றே கோரிக்கைகள். அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இருபது நாட்கள் சென்றிருக்கும். பட்டை தன் வேலையைக் காட்டிற்று. அவன் உறங்கும்போது குருதியில் உயிர்வளி அடிக்கடி குறைவதாக அது எழுதியதாம். மருத்துவச் சான்று கொண்டுவரும்வரை இரவு நடை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரவு நடையில்தான் வருமானம். தமக்கையார் நம் வீட்டிற்கு வந்து, "நீங்கதான் கையெழுத்துப் போடச் சொன்னீங்களாமே" என்று கேட்டுவிட்டு, நாம் கொடுத்த தேநீரைத் தொடாமலே எழுந்து சென்றார்.

அரசு மருத்துவமனையில், ஓரிரவு முழுதும் தலையிலும் மார்பிலும் கம்பிகளைப் பொருத்திப் படுக்க வைத்துச் சோதித்தார்கள். உறக்கத்தில் மூச்சடைக்கும் நோய் என்றார்கள். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்ளும், 10 நொடிக்குக் குறையாமல் மூச்சு நிற்கும், மூளை திடுக்கிட்டு எழுப்பும், மறுபடி உறக்கம். ஒரு மணி நேரத்தில் 5 முறை அப்படி நேர்ந்தாலே நோயெனக் கொள்வர். அவனுக்கு அதனினும் பன்மடங்கு. எட்டு மணி நேரம் படுத்தெழுந்தாலும் அவன் உறங்காதவனே. காலமெல்லாம் அவனுடைய குறட்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பெருநாளைக்குக் குடும்பமே கூடினால், லாரி ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பார் நம் மைத்துனர். குறட்டை விடுகிறான், நன்றாக உறங்குகிறான் என்று தாயும் நம்பியிருந்தார். எந்தக் கருவியும் பொருத்தாமல் முப்பதாண்டுக்கு மேலாக நம் எல்லோருடைய செவிகளிலும் விழுந்துகொண்டிருந்த செய்தி அது. ஓசையாகக் கேட்டது, பொருள் விளங்கவில்லை.

அவனுக்குச் சொன்னது மருந்தன்று, ஒரு கருவி. மூக்கில் முகமூடி பொருத்தி, காற்றை அழுத்தமாகச் செலுத்தி மூச்சுவழி மூடாமல் காக்கும் இயந்திரம். அதன் விலை அவனது இரண்டு மாத வருமானத்திற்கு மேல். அது சொந்த நோய், எங்கள் பொறுப்பன்று என்றது நிறுவனம். நோயைக் கண்டுபிடித்த பெருமை மட்டும் அவர்களுடையதாம். மஹல்லா ஜமாஅத்தின் பைத்துல் மாலிலிருந்து அழகிய கடனாகப் பாதித் தொகையைக் கேட்டோம். லாரி ஓட்டுகிறவனுக்குத் தூங்குவதற்கு மெஷினா என்று நிர்வாகிகளில் ஒருவர் கேட்டார். அவர் சிரித்ததைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. ஷேர் ஆட்டோவின் கதையை, மருமகனின் இசைவு பெற்று, அவரிடம் கூறினோம். அவருடைய துணைவியாரின் தங்கை காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். மறுவாரம் தொகை கிடைத்தது. மீதியை நாமும் மைத்துனரும் போட்டோம்.

மூன்று மாதங்களுக்குப் பின், மருத்துவரின் சான்றைப் பெற்றுக்கொண்டு இரவு நடையைத் திரும்பக் கொடுத்தார்கள். கடிதத்தின் முதற் கோரிக்கை மட்டும் பாதி நிறைவேறியிருக்கிறது. எச்சரிக்கைத் தாளில் பணி தொடங்கிய நேரம் இப்போது அச்சாகிறதாம், வரிசையில் நின்ற நேரம் இல்லை. மற்ற இரண்டிற்கும் விடையில்லை. அவனுடைய மூச்சின் கணக்கு யார் யாரிடம் இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். இம்முறை அவனோடு இன்னும் சில ஓட்டுநர்கள் கையொப்பமிட இசைந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் தங்கள் குறட்டையைப் பற்றி நம்மிடம் தனியே வந்து விசாரித்தார்கள்.

தமக்கையார் இப்போது நம் வீட்டில் தேநீர் அருந்துகிறார். மகன் முகமூடியை அணிந்துகொண்டு ஓசையின்றி உறங்குகிறானாம். குறட்டை கேட்காததால் தமக்குத்தான் கண் மூடுவதில்லை என்றும், இரவில் இருமுறை எழுந்து சென்று, அவன் மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பதாகவும் கூறினார்.